மாற்றுக் கருத்தும் மாறாத உறவும்



திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். விவசாயத்தை நம்பி வாழும் ஊர்கள் நிறைந்த பகுதி இது. வெங்காய விலை ஏறினாலும் பேச்சு, இறங்கினாலும் பேச்சு. டீக்கடை பெஞ்சில் தொடங்கும் அந்தப் பேச்சு, பேருந்து வந்து நிற்கும்போதுதான் முடியும். இப்போது அதே பேச்சு கைபேசிக்குள்ளும் குடியேறிவிட்டது. அங்கே பேருந்து வருவதில்லை. அதனால் பேச்சும் முடிவதில்லை.

2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே 4 அன்றுதான் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, ஏப்ரல் 19 அன்று தமிழகத்தில் மக்களவைத் தேர்தல். அந்த நாட்களில் நமக்குத் தெரிந்த ஓர் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம்.

செபக்கூட்டம் யார் வீட்டில், எத்தனை மணிக்கு என்று தெரிவிப்பதற்காகத் தொடங்கிய குழு அது. ஒருநாள் வெங்காயம் பயிரிடும் ஒரு சகோதரர், ஏற்றுமதித் தடை விவசாயியின் வயிற்றில் அடிக்கிறது என்று எழுதினார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், விலை ஏறும்போது வாங்கிச் சாப்பிடுகிற ஏழையையும் அரசு பார்க்க வேண்டாமா என்று பதில் எழுதினார். அதுவரை நல்ல விவாதம்தான். மூன்றாவது செய்தியில் ஒரு கட்சியின் பெயர் வந்தது. ஐந்தாவதில் இன்னொரு கட்சியின் பெயர் வந்தது. பத்தாவது செய்தி வருவதற்குள் ஒருவர் "விவசாயிகளின் எதிரி" ஆகிவிட்டார். மற்றவர் "விலைபோனவர்" ஆகிவிட்டார். இரவு பதினோரு மணிக்கு விவசாயி குழுவை விட்டு வெளியேறினார்.

இருவரும் இருபது ஆண்டுகளாக ஒரே தெருவில் வாழ்பவர்கள். விவசாயியின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் அந்த ஆசிரியர். ஆசிரியரின் வீட்டு விசேஷங்களுக்குக் காய்கறி மூட்டை இறங்குவது விவசாயியின் தோட்டத்திலிருந்துதான். இரண்டு மாதம் கழித்து ஆசிரியரின் தாயார் இறந்தபோது, தெருவே திரண்டு நின்ற அந்த வீட்டு வாசலில் விவசாயி இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் இல்லை. அன்று ஆசிரியர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் வரலையே சாமி" என்று கேட்டது இன்னும் நம் காதில் இருக்கிறது.

நாம் செய்த தவறு

இந்த நிகழ்ச்சியில் நம்முடைய பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சண்டை நடந்த மறுநாள் காலையில் நாம் அந்தக் குழுவில், "இனி இங்கே யாரும் அரசியல் பேசக் கூடாது" என்று ஒரு வரி எழுதினோம். குழு உடனே அமைதியானது. சமாதானம் வந்துவிட்டது என்று நாமும் நிம்மதி அடைந்தோம். வந்தது சமாதானம் அல்ல. அது வெறும் மௌனம். இருவரும் பேசி முடிக்க வேண்டியதைப் பேச விடாமல் வாயை மூடிவிட்டோம். உள்ளே இருந்த கோபம் அப்படியே உறைந்துபோனது. அது வெளியே வந்த இடம் ஒரு சாவு வீட்டின் வாசல்.

யோசித்துப் பார்த்தால் "அரசியல் பேசாதே" என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கட்டளை. வெங்காய விலை அரசியல். ரேஷன் கடை அரசியல். நூறு நாள் வேலைச் சம்பளம், குடிநீர்க் குழாய், பிள்ளையின் கல்லூரி இடம் எல்லாமே அரசியல். இவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்றால், மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றியே பேசக் கூடாது என்று பொருள். எனவே பேசலாமா கூடாதா என்று கேட்பதில் பயன் இல்லை. நல்லெண்ணத்தோடு எப்படிப் பேசுவது என்பதே கேள்வி.

டீக்கடையும் கைபேசியும்

டீக்கடையில் இதைவிடக் காரமாகப் பேசுகிறார்கள். ஆனாலும் அங்கே உறவு அறுந்துபோவது அபூர்வம். ஏன்?

முதலாவது, டீக்கடையில் முகம் தெரிகிறது. பேசுபவரின் கண் கலங்கினால் எதிரே இருப்பவரின் குரல் தானாகத் தணியும். கைபேசியில் எழுத்து மட்டுமே வருகிறது. "அப்படியா?" என்ற ஒரே சொல்லை வியப்பாகவும் படிக்கலாம், நக்கலாகவும் படிக்கலாம். கோபத்தில் இருப்பவர் நக்கலாகத்தான் படிப்பார்.

இரண்டாவது, டீக்கடையில் சொன்ன சொல் காற்றோடு போய்விடும். கைபேசியில் சொன்னது அப்படியே நிற்கும். இரவு தூக்கம் வராதபோது அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கலாம். ஒரு முறை பட்ட காயம் பத்து முறை படுகிறது.

மூன்றாவது, பார்வையாளர்கள். டீக்கடையில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களும் "விடுங்கண்ணே" என்று நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவார்கள். குழுவில் நூறு பேர் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுப்பது தோல்வியாகத் தெரிகிறது. அப்போது நாம் எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

நான்காவது, நாம் அனுப்புவதில் பெரும்பகுதி நம்முடைய சொற்களே அல்ல. யாரோ எங்கோ தயாரித்த படத்தையும் காணொளியையும் ஒரு விரல் தட்டலில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எறிகிறோம். அதை எழுதியவருக்கு நம் தெருவைத் தெரியாது. நம் பக்கத்து வீட்டுக்காரரின் தாய்க்கு உடல்நலம் இல்லை என்பதும் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்புகிறோம்.

இருபது ஆண்டுக் காய்கறி மூட்டையும் எழுத்தறிவும் கைபேசித் திரையில் தெரிவதில்லை. அங்கே தெரிவது பத்துச் செய்திகள் மட்டுமே. ஊரில் கருத்து வேறுபாட்டைத் தாங்கிக்கொண்டிருந்த உறவு திரையில் மறைந்துவிடுகிறது. சிக்கலின் வேர் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இரண்டு முதியவர்கள்

நம் மாநிலத்தின் அரசியல் வரலாற்றில், கருத்தில் எதிரெதிர்த் துருவங்களாகவும் உறவில் நண்பர்களாகவும் இருந்த இருவரை எல்லோரும் அறிவோம். ஒருவர் 1878இல் பிறந்த இராஜாஜி. மற்றவர் 1879இல் பிறந்த தந்தை பெரியார். ஒருவர் ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். மற்றவர் கடவுள் மறுப்பாளர். இளமையில் இருவரும் காங்கிரசில் ஒன்றாக உழைத்தவர்கள். பெரியாரைக் காங்கிரசுக்கு அழைத்து வந்ததில் இராஜாஜிக்கு முக்கியப் பங்கு உண்டு. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைக்கான தீர்மானம் ஏற்கப்படாதபோது பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன்பின் இருவரின் பாதைகளும் பிரிந்தன.

பிரிவு சாதாரணமானது அல்ல. 1938இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த இராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். அதை எதிர்த்துப் போராடிய பெரியார், இராஜாஜியின் ஆட்சியிலேயே சிறை சென்றார். 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வித் திட்டம்" என்று கூறிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்து 1954இல் இராஜாஜி பதவி விலகினார். 1967 தேர்தலில் இராஜாஜி தி.மு.க. கூட்டணியில் நின்றார். பெரியாரோ காமராசரின் காங்கிரசை ஆதரித்தார். கடைசிவரை இருவரும் ஒரே பக்கம் வந்து சேரவில்லை.

ஆனாலும் 1949 மே மாதம், தம் சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவை எடுக்க வேண்டிய வேளையில், பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று சந்தித்தது அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த இராஜாஜியைத்தான். என்ன பேசினார்கள் என்று ஊரெல்லாம் கேட்டது. பெரியாரின் இயக்கத்துக்குள்ளேயே பெரும் சலசலப்பு எழுந்தது. நண்பரோடு தனியே பேசியதை இருவரும் அப்போது வெளியே சொல்லவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்த 93 வயதுப் பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.

நம் விவசாயி போக முடியாத இடத்துக்குப் பெரியாரால் எப்படிப் போக முடிந்தது? அவர் தம் கொள்கையைச் சற்றும் குறைத்துக்கொள்ளவில்லை. இராஜாஜியும் குறைத்துக்கொள்ளவில்லை. கொள்கையை எதிர்ப்பது வேறு, மனிதரைத் தள்ளிவைப்பது வேறு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், எதிரே நிற்பவர் தாம் நம்புவதையே பேசுகிறார் என்ற மதிப்பு இருந்தது. நல்லெண்ணம் என்பது இந்த மதிப்புதான்.

எல்லோருக்கும் இருக்கை உண்டா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். இராஜாஜியும் பெரியாரும் பெரிய மனிதர்கள். இருவருமே சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய நிலையில் இருந்தவர்கள். உட்காரவே இடம் கிடைக்காதவரிடம் போய், "கனிவாகப் பேசுங்கள்" என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. நம் பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளையும், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சியையும் நாம் மறந்துவிட முடியாது. 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பத்தாண்டுக் காலம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் வராது. பெயருக்கு ஒருவர் தேர்வானாலும் உடனே பதவி விலகுவார். அங்கே நிலவிய அமைதியை நல்லெண்ணம் என்று யாராவது சொல்ல முடியுமா?

2006இல் நிலைமை மாறியது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த த.உதயச்சந்திரனும் மற்ற அதிகாரிகளும் ஊர் மக்களிடம் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். 2021 அக்டோபர் 2 அன்று தமிழக முதலமைச்சர் அதே பாப்பாபட்டிக்கு வந்து கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் தேர்தலே நடத்த முடியாத ஊரில் ஊர் கூடிப் பேசியது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பத்தாண்டு முட்டுக்கட்டையைக்கூடப் பேச்சினால் அகற்ற முடியும். மற்றொன்று, அந்தப் பேச்சில் சட்டம் கொடுத்த இருக்கையை யாரும் பேரம் பேச முடியாது. வெங்காய ஏற்றுமதி நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஒரு மனிதர் இன்ன சாதியில் பிறந்ததால் தலைவர் நாற்காலியில் உட்காரலாமா என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. காயப்பட்டவரின் குரல் உயர்ந்தால், முதலில் காயத்தைப் பார்க்க வேண்டும். குரலின் அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விவாதத்தில் பிறந்த உரிமை

நேர்மையான விவாதம் என்ன கொடுக்கும் என்பதற்கு நம் அரசியல் சட்டமே சான்று. 1946 டிசம்பர் 9 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபை 11 கூட்டத்தொடர்களில் 165 நாட்கள் அமர்ந்தது. வரைவின் மேல் 7,635 திருத்தங்கள் தரப்பட்டன. அவற்றில் 2,473 திருத்தங்கள் சபையில் முன்வைக்கப்பட்டன. நாடு பிரிந்து இரத்தம் சிந்திய நாட்கள் அவை. அப்படிப்பட்ட நேரத்திலும் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்காகவும் வாதாடினார்கள்.

அதில் ஒரு சொல் நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. இன்று 25ஆம் பிரிவாக இருக்கும் சமய உரிமைப் பிரிவில், ஒருவர் தம் சமயத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் மட்டுமல்லாமல் "பரப்பவும்" உரிமை உண்டா என்ற கேள்வி 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தது. லோக்நாத் மிஸ்ரா, தஜாமுல் உசேன் போன்ற உறுப்பினர்கள் அந்தச் சொல் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன, அச்சங்கள் இருந்தன. சபை அவற்றை முழுமையாகக் கேட்டது.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற எழுந்து பேசியவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமா? இல்லை. கே.எம்.முன்ஷி பேசினார். நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எல்.கிருஷ்ணசாமி பாரதி பேசினார். டி.டி.கிருஷ்ணமாச்சாரி, தாம் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சபையில் எடுத்துரைத்தார். கேள்விப்பட்டதை விட்டுவிட்டு அனுபவித்ததைச் சொன்னார். சென்னை லொயோலாக் கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டி சூசாவும் அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தார். எதிர்த்தவர்களை யாரும் துரத்தவில்லை. முடிவில் அந்தச் சொல் நிலைத்தது. இன்று நாம் அனுபவிக்கும் உரிமை, நம்மோடு உடன்படாதவர்களும் இருந்த ஒரு கூட்டத்தில், நம் சமயத்தைச் சாராதவர்களின் நல்லெண்ணத்தாலும் கிடைத்தது. அதை அனுபவிக்கும் நாமே மாற்றுக் கருத்து சொல்பவரைக் குழுவிலிருந்து விரட்டலாமா?

திருச்சபை என்ன சொல்கிறது?

இயேசு தேர்ந்தெடுத்த பன்னிருவரில் மத்தேயு வரி தண்டும் வேலை பார்த்தவர். சீமோன் தீவிரவாதி என்று அழைக்கப்பட்டவர். இன்றைய கட்சிக் கணக்கில் பார்த்தால் ஒரே குழுவில் ஒருநாள்கூட நீடிக்க முடியாத இருவர். இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்ற ஏடு, 43ஆம் எண்ணில் இதை வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரே அளவு நேர்மை உள்ள விசுவாசிகள் ஒரே பிரச்சினையில் வெவ்வேறு முடிவுக்கு வரலாம் என்று அது ஏற்கிறது. அப்படி வரும்போது திருச்சபையின் அதிகாரம் தம் கருத்துக்கு மட்டுமே துணை நிற்கிறது என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்றும், நேர்மையான உரையாடலால் ஒருவருக்கொருவர் ஒளியூட்ட வேண்டும் என்றும் கேட்கிறது. குருக்கள் கட்சி அரசியலில் நேரடியாக ஈடுபடுவதைத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் எண் பொதுவாகத் தடுப்பதும் இதனால்தான். பீடத்தைச் சுற்றி எல்லாக் கட்சியினரும் நிற்கிறார்கள். ஆனால் குரு கட்சி சேரக் கூடாது என்பதற்காகப் பங்கு மக்கள் பேசவே கூடாது என்று நாம் எழுதியது, சங்கம் சொன்னதற்கு நேர்மாறானது. இதை உணர நமக்கு ஒரு சாவு வீடு தேவைப்பட்டது.

நான்கு படிகள்

சரி, எப்படிப் பேசுவது? புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் 22ஆம் எண்ணில் ஒரு வழி காட்டியிருக்கிறார். அது செபத்துக்காகச் சொல்லப்பட்டது என்றாலும் செபக்கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். அதை நம் வெங்காயத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: பிறர் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். "ஏழையையும் பார்க்க வேண்டாமா" என்று ஆசிரியர் எழுதினால், அவர் விவசாயியை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் மனதில் ஓர் ஏழை இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நல்ல பொருள் தெரியவில்லை என்றால், "என்ன கருத்தில் சொன்னீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதிச் சண்டை நின்றிருக்கும். திருவள்ளுவர் பேசுவதற்குச் சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் வைத்தவர், செவிமடுப்பதற்குக் கேள்வி என்று ஓர் அதிகாரத்தைத் தனியே வைத்திருக்கிறார். நம்மில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

மூன்றாம் படி: கேட்ட பிறகும் அது தவறு என்று தெரிந்தால் அன்போடு திருத்த வேண்டும். தவறைத் தவறு என்று சொல்லாமல் விடுவது நல்லெண்ணம் ஆகாது. ஆனால் நூறு பேர் முன்னால் சொல்வதைவிட, நடந்து போய் வாசலில் நின்று சொல்வது நல்லது.

நான்காம் படி: அதுவும் போதவில்லை என்றால் தகுந்த வேறு வழிகளைத் தேட வேண்டும். இருவரும் மதிக்கும் மூன்றாமவரை அழைக்கலாம். விவரம் தெரிந்தவரைக் கேட்கலாம். சில நாள் பொறுத்திருக்கலாம். கைவிடுவது மட்டும் இந்த வரிசையில் இல்லை.

இவற்றோடு ஓர் எல்லையும் உண்டு. கருத்துக்குத்தான் இந்த மரியாதை, வதந்திக்கு அல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பொய்ச் செய்திகளே மக்கள் மனதில் அந்தப் பயத்தை விதைத்திருந்தன. நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எண்ணிக்கையை நிறுவனம் குறைக்கலாம். அனுப்பும் முன் "இது உண்மையா?" என்று கேட்பதை நாம்தான் செய்ய வேண்டும். உண்மையென்று தெரியாததை அனுப்புவது கருத்துச் சுதந்திரம் ஆகாது. அது பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதாகும்.

சத்திரத்துத் திண்ணை

அந்த இருவர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து விவசாயியின் வீட்டுக்குப் போனோம். குழுவில் எழுதிய அந்த ஒரு வரிக்காக முதலில் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நகையை அடகு வச்சு நட்ட வெங்காயம் சாமி. அன்னைக்குத்தான் பேங்க்ல இருந்து கடுதாசி வந்துச்சு. அந்த நேரம் பார்த்து வாத்தியார் அப்படி எழுதிட்டாரு" என்றார். ஆசிரியருக்கு அந்தக் கடிதம் பற்றித் தெரியாது. ஆசிரியர் மனதில் இருந்த ஏழை யார் என்பது விவசாயிக்கும் தெரியாது. கணவனை இழந்து திண்டுக்கல்லில் இட்லிக் கடை நடத்தும் அவருடைய தங்கைதான் அது. வெங்காயம் விலை ஏறினால் அவர் கடையில் சட்னி நின்றுவிடும்.

பத்துச் செய்திகளில் இந்த இரண்டு உண்மைகளும் வரவே இல்லை. கட்சிகளின் பெயர் மட்டும் வந்திருந்தது.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு விவசாயி வந்தார். கோவிலின் பின்வரிசையில் நின்றார். திருப்பலி முடிந்ததும் ஆசிரியரே அவரிடம் சென்றார். "அம்மா சாவுக்கு வராம இருந்துட்டேன் வாத்தியாரே" என்றார் அவர். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஆசிரியர் அவருடைய தோளில் கை வைத்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். இன்றும் ஏற்றுமதித் தடையைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து இல்லை. இனியும் இருக்காது என்றே நினைக்கிறோம். ஒருவருடைய கணக்கில் விளைவித்தவரின் கடன் இருக்கிறது. மற்றவருடைய கணக்கில் வாங்குபவரின் பசி இருக்கிறது. இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதுதான் அரசியலின் வேலை. அதை ஆள்வோருக்கு நினைவூட்ட இருவருமே தேவை.

அன்பியக் குழுவில் நாம் எழுதிய அந்தத் தடையை நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக, "முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதை இங்கே எழுத வேண்டாம்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். ஊர்ப் பிரச்சினைகளைக் கிராம சபைக்குக் கொண்டுபோகும்படியும் சொல்கிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள் தமிழகத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. எல்லாக் கட்சியினரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, முகம் பார்த்து, கேள்வி கேட்டு, தீர்மானம் எழுதும் இடம் அது. கைபேசியில் ஆயிரம் செய்திகளை அனுப்பும் நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். இன்றும் தைப்பூச நாட்களில் பழனிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் நம் சாலை வழியாகப் போகிறார்கள். களைத்து வருபவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது யாரும் அவருடைய கட்சியைக் கேட்பதில்லை. நம் ஊரின் பெயரிலேயே அந்தப் பண்பு இருக்கிறது. அதைக் கைபேசிக்குள்ளும் கொண்டுபோவோம். இன்று யாருடைய செய்தி நம்மைக் கோபப்படுத்தியதோ அவருக்குப் பதில் எழுதும் முன், அவருடைய வீட்டு வாசலை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். முடிந்தால் அந்த வாசலுக்கே நடந்து போவோம். அடுத்த சாவு வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.